ஒத்திகையில் பாடாத மங்களம்

என் மாமாவிடம் எதைப் பற்றியும் வாதாடலாம். தோட்டத்துத் தொரையைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி, அம்மா வைக்கிற குழம்பைப் பற்றி என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்பார். தோற்றாலும் கோபம் வராது. மங்களத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. பஜனையில் பிள்ளையார் பாட்டு முதலில், மங்களம் கடைசியில். மங்களம் பாடியாயிற்றா, ஆர்மோனியப் பெட்டியை மூடிவிட வேண்டும். அப்புறம் எவ்வளவு பெரிய மனிதர் வந்து இன்னும் ஒரு பாட்டு என்று கெஞ்சினாலும் கிடையாது. பஜனை நடக்காத நேரத்தில் அதைச் சும்மா முணுமுணுக்கவும் கூடாது. ஆரம்பிக்காத நல்ல காரியத்தை முடித்து வைத்த பாவம் வந்து சேருமாம். ஒருமுறை அம்மா சட்டி கழுவும்போது வாய் தவறி அதன் முதல் வரியை இழுத்துவிட்டாள். மாமா மூன்று நாள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கவில்லை.

அந்த மங்களத்தை நான் ஒரு தடவை திருட்டுத்தனமாகப் பாடினேன். அதுவும் செருப்புக் காலோடு, கண்டி டவுனில், ஒரு கக்கூஸுக்குப் பக்கத்துக் குழாயடியில். அப்போது எனக்குப் பதினொரு வயது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பன்வில பக்கம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். தேயிலை ஆலையில் மெஷினோடு மல்லுக்கட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் மார்கழி விடியற்காலையும் மாரியம்மன் கோயிலில் பஜனை நடத்துவார். பெட்டியை வாசித்துக்கொண்டே முதல் குரல் அவருடையது. டோலக் அப்பா. பின்பாட்டுக்கு அம்மாவும் இன்னும் ஐந்து பெண்களும். ஒன்பதாவது ஆள் நான், தாளம். உள்ளங்கையளவு பித்தளைத் தாளம்தான். ஆனால் “தாளக்காரி தடுமாறுனா மொத்தப் பேரும் குப்புற விழுவோம், பாத்துக்க” என்று மாமா சொல்லிச் சொல்லியே என்னைப் பயந்தாங்கொள்ளியாக ஆக்கி வைத்திருந்தார். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு நடுங்கியதில்லை.

அந்த வருஷம் கொழும்பிலிருந்து முப்பது பேர் கொண்ட ஒரு பெரிய வாத்தியக்குழு கண்டிக்கு வந்தது. சம்பளத்துக்கு வாசிக்கிற, படித்துப் பட்டம் வாங்கிய கலைஞர்கள். வயலின் மட்டுமே இருபதுக்குக் குறையாது. ஆள் உயரத்துக்கு நிற்கிற வயலின்களும் இருந்தன. அவர்களுக்கு ஒரு ஆசை: இந்தப் பக்கத்து ஊர்களில் சும்மா தங்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிற குழுக்களோடு சேர்ந்து ஒரே மேடையில் வாசிக்க வேண்டும். ஒரு கிராமத்து மேளக்காரர்கள், திகனயில் றபான் அடித்துப் பாடுகிற குழு, ஒரு கிறிஸ்தவ சேர்ச் பாடகர் குழு, நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியில் ஒரு மண்டபத்தில் ஒத்திகை. விடியவே பஸ் ஏறி, பெட்டியை மாமா மடியில் வைத்துக்கொண்டு, வத்தேகம வழியாகப் போவோம்.

முதல் நாளே மாமா வென்றுவிட்டார். எங்கள் பெட்டியின் சுருதி அவர்களுடைய சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. பெட்டியை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததும், அந்த முப்பது பேரும் கம்பிகளைத் தளர்த்தி எங்கள் பெட்டிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு ராத்திரிக்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. “கொழும்புக்காரங்க நம்ம பெட்டிக்கு சுதி சேத்தாங்க!” மாமா இதை ஆலையில், கடையில், பஸ்ஸில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். சொன்னவரிடமே திரும்பவும் சொன்னார்.

வாத்தியக்குழுவை நடத்தியவர் ஒரு சிங்களப் பெரியவர். கையில் மெல்லிய குச்சி வைத்திருப்பார். பள்ளிக்கூட சேர்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, எங்களுக்கு அவர் குச்சி சேர். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொன்னது யாழ்ப்பாணத்து வயலின் அக்கா. மூன்றாவது ஞாயிறு குச்சி சேர் ஒரு முடிவு சொன்னார். கச்சேரியின் கடைசிப் பாட்டு எங்கள் மங்களம்தான். எல்லாக் குழுவும் முழு வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும். மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாய் படுத்திருக்கிற கோயில் வாசலில் இருபது வருஷமாகப் பாடியவர். அவரை வெளியூரில் பாடச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை.

அடுத்ததாகக் குச்சி சேர் சொன்னதுதான் வம்பு. “இப்போது பாடிக் காட்டுங்கள், எழுதிக்கொள்கிறோம்.”

மாமா பெட்டியை மூடினார். “ஒத்திகையில மங்களம் பாடமாட்டோங்க. அன்னைக்குப் பாடுறோம்.”

வயலின் அக்கா அதை மாற்றிச் சொன்னார். குச்சி சேர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். பிறகு சிரிப்பு மறைந்தது. கேட்டே அறியாத பாட்டை முப்பது பேர் எப்படி வாசிப்பது? மாமாவுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. “நாங்க எதை எழுதி வச்சுப் பாடுறோம்? கேட்டுக்கிட்டே கூட வரச் சொல்லுங்க. படிச்சவங்கதானே, முடியாதா?” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, இவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யாராவது ஒருத்தர் பக்கம் தப்பு இருந்தால் மனசுக்குள்ளாவது திட்டியிருக்கலாம்.

குச்சி சேர் ஒரு கிழமை தவணை தந்தார். அடுத்த ஞாயிறு ஒத்திகைக்குள் பாடிக் காட்டாவிட்டால் கடைசியில் வேறு பாட்டு. எங்களுக்கு ஆரம்பத்தில் ஒரு பாட்டு மட்டும். அதாவது ஆட்கள் உட்காரக் கதிரை தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில். இதை அவர் மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலைப் பார்த்துச் சொன்னார், “வெட்டுறதுன்னா வெட்டட்டும். நாம போகவே தேவையில்ல.”

அம்மா மெதுவாக, “அண்ணே, ஒரே ஒரு தடவ...” என்று ஆரம்பித்தாள். மாமா திரும்பிப் பார்த்தார்.

எனக்கு மாமாவைத் தெரியும். போகவே தேவையில்லை என்றால் போகமாட்டார். கடைசிப் பாட்டு நம்முடையது என்று தோட்டம் முழுக்கச் சொல்லியாயிற்று. பெண்கள் ஆறு பேரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்தாயிற்று. கேட்க வருகிறோம் என்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் பெயர் கொடுத்தாயிற்று. இவர் வீம்புக்கு நின்று எல்லாம் நின்றுபோனால், பிறகு எந்த முகத்தோடு ஆலைக்குப் போவார்? அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தாள்.

கச்சேரிக்கு முந்திய கடைசி ஒத்திகை. தேத்தண்ணி நேரம். எல்லாரும் மண்டபத்துக்கு முன்னால் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயலின் அக்கா மட்டும் பின்பக்கக் குழாயில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

“என்ன பிள்ளை, ஏன் முகம் இப்பிடி வெளிறிக் கிடக்கு?”

“நான் பாடிக் காட்டுறேன் அக்கா. மாமாகிட்ட சொல்லாதீங்க.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, போனை எடுத்து ஒலிப்பதிவு போட்டார். “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பயப்பிடாமல் பாடும்.”

பயப்படாமல் பாடுவதா? எங்கள் மங்களம் புத்தகத்தில் உள்ளது அல்ல. தோட்டத்தில் யாரோ எந்தக் காலத்திலோ கட்டியது, நாலே வரி. முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வரியின் முடிவில் எங்கள் மாரியம்மன் பெயரை நீளமாக இழுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை, மாமா தலையாட்டும் வரை. நான் பெயரைத் தொட்டேன், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று வாயை மூடித் திரும்பிப் பார்த்தேன். மண்டபத்துக் காவல்காரர் வாளியோடு போனார். அவர் மறைந்த பிறகு நாலாவது வரியைப் பாடி முடித்துவிட்டு ஓடினேன்.

தேத்தண்ணி முடிந்ததும் வயலின் அக்கா குச்சி சேரின் காதில் ஏதோ சொன்னார். குச்சி சேர் மாமாவிடம் வந்து கையைக் கொடுத்தார். மங்களம் கடைசியிலேயே இருக்கட்டும், ஒத்திகை வேண்டாம், அன்றைக்குக் கூடவே வருகிறோம் என்றார்.

மாமா பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாக ஆரம்பித்தார். “பாத்தீங்களா? நம்ம வழிக்கு வந்தாங்களா இல்லையா? உறுதியா நிக்கணும், அதான் விஷயம்.” பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். நான் தாளத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போது வானம் இடியப்போகிறது என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

வானம் இடியவில்லை. புதன்கிழமை மாமாவுக்குத் தொண்டை கட்டியது.

முதலில் கரகரப்பு. வியாழக்கிழமை பாதிப் பேச்சு காற்று. வெள்ளிக்கிழமை வாயை அசைத்தால் ஒன்றுமே வரவில்லை. டிஸ்பென்சரியில் மூன்று நாள் பேசவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. மாமி உப்புத் தண்ணீரும் அம்மா அவித்த கொத்தமல்லியும் மாறி மாறிக் கொண்டுபோனார்கள். ஆலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியது, தேயிலைத் தூசி, குளிர் என்று பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்குத் தெரியும் யார் காரணம் என்று. ஆரம்பிக்காமலே முடித்து வைத்தவள் லயத்தில் பத்தாவது வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனேன். முதல் தடவை மாமா வாய்க்குள் விளக்குமாற்றுக் குச்சியால் மருந்து தடவிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையால் தாளம் போட்டுக் காட்டி, “சரியா வச்சிருக்கியா?” என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. மங்களம் மூடும் என்றால் பிள்ளையார் பாட்டு திறக்கும்தானே? பாயில் படுத்துக்கொண்டு பிள்ளையார் பாட்டை உதட்டுக்குள் பாடினேன். ஒரு தடவை போதுமா என்று சந்தேகம் வந்து பத்துத் தடவை பாடினேன். அப்புறம்தான் உறைத்தது, பத்து பஜனையைத் திறந்து வைத்திருக்கிறேன், ஒன்றையும் மூடவில்லை. ஐயோ, அன்றைக்கு நான் பட்ட பாடு!

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் முன்வரிசையில் இடம் பிடித்து, தெரிந்த முகத்தைக் கண்டால் எழுந்து கையாட்டினார்கள். எங்கள் முதல் பாட்டுக்கு அம்மாவே முதல் குரல் கொடுத்தாள். குறை ஒன்றுமில்லாமல் போனது. மங்களத்துக்கும் அவளே பாடட்டும் என்று அப்பா சொன்னார். மாமா மறுத்துவிட்டார். என் காதருகே குனிந்து, காற்றாகச் சொன்னார், “அந்த நேரத்துக்கு வந்துரும். ஆத்தா குடுப்பா.”

கடைசி நேரம் வந்தது. மேளக்காரர்கள் ஒரு பக்கம், திகனக்காரர்கள் ஒரு பக்கம், பின்னால் சேர்ச் பிள்ளைகள், சுற்றிலும் வயலின்கள், நடுவில் பாய் விரித்து நாங்கள். குச்சி சேர் குச்சியைத் தூக்கிப் பிடித்து மாமாவைப் பார்த்தார். மாமா பெட்டியை அழுத்தினார். கண்ணை மூடினார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

இன்னொரு தடவை முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. முன்வரிசையில் யாரோ, “அடக் கடவுளே” என்றார்கள். பெண்கள் முதல் குரல் இல்லாமல் எப்படிப் பின்பாட்டுப் பாடுவது என்று தெரியாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

அப்போது வயலின் அக்கா வில்லை எடுத்தார். தனியாக, ஒரே ஒரு வயலினில், முதல் வரி வந்தது. எங்கள் வரி. ஒரு சுரம் பிசகவில்லை. மாமா கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு நல்ல வேளை மூளை வேலை செய்தது. பின்பாட்டை எடுத்தாள், மற்றப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது வரிக்கு எல்லா வயலின்களும் சேர்ந்தன, அப்பாவின் டோலக்கோடு மேளங்களும் றபானும் மெதுவாகச் சேர்ந்தன. எனக்கு அழுகை முட்டியது. நன்றாக இருந்ததால் அல்ல. இத்தனை பேருக்கும் பாட்டுத் தெரிந்திருக்கிறதே, மாமா என்ன நினைப்பார் என்ற பயத்தில்.

மூன்றாவது வரி. மாரியம்மன் பெயர் வந்தது. பெயரைத் தொட்ட உடனே முப்பது வில்லும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன. மேளம் நின்றது. சேர்ச் பிள்ளைகள் வாயை மூடினார்கள். குச்சி சேர் இடது கையை மென்மையாக விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் திரும்பிப் பார்த்த இடம்! வாளிக்காரர் போகட்டும் என்று நான் வாயை மூடிய இடத்தை அப்படியே எழுதி எல்லாக் குழுக்களுக்கும் கொடுத்து, படித்துப் பட்டம் வாங்கிய அத்தனை பேரும் பக்தியோடு நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் பெண்களுக்கு அந்த நிறுத்தம் தெரியாது. அவர்கள் வழக்கம்போலப் பெயரை இழுத்தார்கள். வாத்தியமே இல்லாத அந்தப் பெரிய மண்டபத்தில், தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஆறு பெண்களின் குரல் மட்டும். இழுத்தார்கள், இன்னும் இழுத்தார்கள், மாமா தலையாட்டுவார் என்று அவரையே பார்த்துக்கொண்டு. மாமா தலையாட்டவில்லை. பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தலையைச் சற்றுச் சாய்த்து, வாய் பாதி திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஒருத்தி குரல் நடுங்கத் தொடங்கியது. குச்சி சேரும் எங்களைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். இனி ஒரு நொடி போனால் மூச்சறுந்து எல்லாரும் குப்புற விழுவோம். நான் மாமாவைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு தாளத்தை ஓங்கி அடித்தேன்.

ணங் என்று விழுந்தது. வில்கள் இறங்கின. நாலாவது வரியில் எல்லாரும் சேர்ந்து போய் முடித்தோம்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. குச்சி சேர் வந்து மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அந்த அமைதிதான் இந்தக் கச்சேரியின் உயிர், அப்படி ஓர் இடத்தை வைத்தவர் யாரோ மகா ஞானி என்று சொன்னார். வயலின் அக்கா அதை மாற்றிச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தாளத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

பஸ்ஸில் மாமா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ஆட்கள் எல்லாரும் ஒரே கூச்சலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா குனிந்து காற்றாகக் கேட்டார்.

“நீதானே பாடிக் காட்டுன?”

என் உயிரே போய்விட்டது. “எப்பிடி மாமா தெரியும்?”

“அந்த எடத்துல இழுக்காம நிறுத்துறதுன்னா நீதான். நம்ம கூட்டத்துல வேற யாருக்கு மூச்சு பத்தாது?”

மூச்சு பற்றாததால் இல்லை என்று சொல்லப் போய், அழுகையோடு எல்லாம் கொட்டிவிட்டது. குழாயடி, செருப்பு, வாளி, பத்துப் பிள்ளையார் பாட்டு, அவருடைய தொண்டை, எல்லாம். மாமா சிரித்தார், சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடித்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்து நான் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன்.

பிறகு என் காதருகே மெதுவாக, “பாப்பா, இன்னொரு தடவ பாடு. மங்களத்த. சின்னதா, எனக்கு மட்டும்” என்றார்.

இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அதைப் பாடியவர். பாடுகிறவருக்கு எங்கே கேட்க முடிகிறது? பெட்டி, சுருதி, அடுத்த வரி, எப்போது தலையாட்டுவது என்றே அவர் காலம் போயிருக்கிறது. தொண்டை போன அந்த ஒரு நாள்தான் அவர் சும்மா உட்கார்ந்து, எதிரில் இருப்பவரைப் போல, தன் மங்களத்தைக் கேட்டார். பத்து நாளில் குரல் திரும்பிவிட்டது. அதற்கப்புறம் சாகும் வரை அவரே பாடினார். ஒருநாளும் யாரையும் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. இதெல்லாம் இப்போது எழுதுகிற எனக்குத் தெரிகிறது.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பதினொரு வயதுக்காரிக்கு அது ஒரு பரீட்சை. மாமா என்னைச் சோதிக்கிறார், இந்தத் தடவை மாட்டிக்கொள்ளக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன், “அதான் மங்களம் பாடியாச்சே மாமா. இனிப் பாடக் கூடாது.”

“ஆமா. அதுவும் சரிதான்” என்று மாமாவின் உதடு அசைந்தது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பாஸாகிவிட்ட பெருமையில், வத்தேகம வரும் வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.